அத்தைக்கு நான் கொடுத்த விசிறி

நான் வரைந்த படங்களில் பரிசு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பாவின் தங்கை ஆனைக்கரையில் எங்களோடுதான் இருந்தாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அங்கே கொதிக்கிற குழாய் பட்டு இடது கன்னம் முழுக்க வெந்து சுருங்கியிருந்தது. ஆனாலும் ஆலயத்தில் முதல் வரிசையில் நின்று வாய்விட்டுப் பாடுவாள். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர் அவளைப் பெண் கேட்டிருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவர் வீட்டார் வருவதாகப் பேச்சு. முப்பத்து நாலு வயதில் அவளுக்கு வந்த முதல் வரன் அது.

அந்தச் சமயம் பள்ளியில் ஓவியப் போட்டி. எனக்குப் பிடித்த முகம் என்று தலைப்பு. எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு ஜப்பான்காரி மடக்கு விசிறியை விரித்துப் பாதி முகத்தை மறைத்துக்கொண்டிருப்பாள். விசிறியில் ஒரு கொக்கு, இரண்டு மூங்கில். மறைத்ததால்தான் அவள் அத்தனை அழகு என்று ஒன்பது வயதுப் பெரிய மனுஷி நான் முடிவு கட்டினேன். அத்தையை வரைந்து அவள் கையில் அதே விசிறியைக் கொடுத்தேன். இடது கன்னத்தை இம்மி விடாமல் மூடினேன்.

முதல் பரிசு! படத்தைப் பள்ளி வராந்தாவில் ஒட்டியிருந்தார்கள். அத்தையை நானே கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

“யாத்தீ, நானாட்டி இது? ராணி கணக்கா இருக்கேனே!” என்றவள், சற்றுப் பொறுத்து, “இந்த விசிறி எதுக்குட்டி? இந்தக் குளிருல எவ விசிறுவா?” என்று கேட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். “அந்தக் கன்னம் தெரியாம இருக்கத்தான் அத்தே. இப்ப எவ்வளவு அழகா இருக்கே பாரு!” என்றேன்.

“ஆமாட்டி” என்றாள். திரும்பும் வழியெல்லாம் முந்தானையை இழுத்துக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டே வந்தாள். குளிர் என்று நினைத்தேன்.

ஜீப்காரர் வீட்டார் வந்த அன்று அத்தை அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா கெஞ்சினாள், அப்பா அதட்டினார். ஜீப்காரரே கதவருகில் வந்து, “தெனமும் ஸ்டோர் வாசல்ல பாக்குற மொகந்தானே, எனக்கு ஒரு கொறையும் தெரியலியே” என்று சொல்லிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை போலும் என்றுதான் நினைத்தேன். ஊரார் பார்வையை அவள் சிரித்தே தாங்கிவந்தது, வீட்டில் ஒரு பிள்ளைக்காவது தன்னை இருக்கிறபடியே பிடிக்கும் என்ற தைரியத்தில். அந்தப் பிள்ளை நான்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.