மாறிப்போன கோப்பைகள்

பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் அம்மாவை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசளிப்பு விழாவில் கோப்பைகளைப் பட்டியல் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். இருபது வருஷமாக ஒன்றுகூட மாறியதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த வருஷம் பட்டியலின் முதல் பெண்ணுக்குக் காய்ச்சல். தலைமையாசிரியை அவள் பெயரை விட்டுவிட்டு இரண்டாவது பெயரை மைக்கில் படித்தார். பெயரைக் கவனிக்காத அக்கா முதல் கோப்பையை எடுத்து நீட்டினார். அதன்பின் ஒவ்வொருவருக்கும் முந்தைய பிள்ளையின் கோப்பையே போனது. கடைசியில் மேசையில் ஒன்று மிஞ்சியபோதுதான் அவர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

“என்னக்கா இது?” என்றார் தலைமையாசிரியை.

“பேரை விடப்போறீங்கன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா டீச்சர்?”

முறைத்துக்கொண்டே இருவரும் மேடைக்குப் பின்னால் போனார்கள். அங்கே பிள்ளைகள் கோப்பையில் எழுதியிருந்ததைப் படித்து, உரிய ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“நீளம் தாண்டுனது நீயா? எவ்வளவு தூரம்?”

“பாட்டுக் கப்பு உன்னோடதா? எங்க, ரெண்டு வரி பாடு.”

வழக்கமாகக் கோப்பை கைக்கு வந்ததும் வீட்டைப் பார்த்து ஓடுகிறவர்கள், ஒருவரும் நகரவில்லை. காய்ச்சல்காரியின் கோப்பை கிடைத்தவன் அவள் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுவருஷம் பரிசு வாங்கும் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்கா கோப்பைகளை இரண்டு முறை சரிபார்த்து அடுக்கி முடித்தார். தலைமையாசிரியை வந்து, முதல் கோப்பையை எடுத்துக் கடைசியில் வைத்தார்.

“இந்தத் தடவை சொல்லிட்டேங்க்கா.”