பவளம் நடக்க மறுத்த காலை

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தருபவர் பெலிண்டா. முன்பு திருச்சியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அந்த வேலையை விட்டுவிட்டு, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை ஒன்றை வாங்கி வந்தபோது உறவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் குதிரைதான் பவளம். பயந்த பிள்ளைகளை முதலில் பவளத்தின் மேல்தான் ஏற்றுவார். அவ்வளவு சாது.

போன கோடையில் பரீட்சைக்காக வகுப்புகள் நின்றிருந்தன. பவளம் மேய்ந்துவந்த பக்கத்து மனையில் வீடு எழும்பியதால் பச்சைப்புல்லும் போயிற்று. மாதக்கணக்கில் வைக்கோல், தவிடு, அவித்த கொள்ளு, இவைதான் தீவனம். மேனி பளபளப்பாகவே இருந்ததால் பெலிண்டாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

விடுமுறை வகுப்பு தொடங்கிய அன்று, சில சுற்று ஓடியதுமே பவளம் நின்றுவிட்டது. உடலெல்லாம் வியர்வை. பின்தொடைகள் கல்லாய் இறுகிக் கிடந்தன.

"வயித்து வலியா இருக்கும் டீச்சர். கொஞ்சம் நடத்திப் பாப்போமா?" என்றார் லாயத்தைக் கவனிக்கும் கலீல்.

இழுத்துப் பார்த்தார்கள். ஓரடி நகரவில்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது, டிகாஷன் நிறத்தில்.  பெலிண்டா உடனே கால்நடை மருத்துவர் சுஜாவைப் போனில் பிடித்தார்.

"நடத்தாதீங்க! அங்கேயே நிழல் கட்டுங்க. தண்ணி வைங்க. கிளம்பிட்டேன்."

வந்ததும் வலிக்கு ஊசி போட்டு, கழுத்து நரம்பில் சலைன் ஏற்றினார் சுஜா. "சதை சிதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்குங்க. அது கிட்னியைக் கெடுத்துடக் கூடாது. அதான் பயம்."

பகல் முழுக்கத் தார்ப்பாய் நிழலில் குதிரையின் பக்கத்திலேயே நின்றார் பெலிண்டா. சாப்பாடு இறங்கவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் கலீல் கூவினார்: "டீச்சர், வெளுத்திருக்கு, வந்து பாருங்க!" சிறுநீர் தெளிந்திருந்தது. பெலிண்டா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். கலீலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் ஈ மிகவும் குறைந்திருந்தது.

"ஓடும்போது சதை நிறைய ஆக்ஸிஜனை எரிக்குது. அதுல தெறிக்கிற பொறி மாதிரி சில பொருள் உண்டாகி, சதையையே சுடும். அதை அணைக்கத்தான் வைட்டமின் ஈ. பச்சைத் தீவனத்துல தாராளமா இருக்கு, காய்ஞ்ச வைக்கோல்ல இல்லைன்னே சொல்லலாம்" என்றார் சுஜா. "அது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் சும்மா நின்னுட்டு திடீர்னு ஓடினதும் சேர்ந்திருக்கும்."

மறுநாளே பெலிண்டா கால்நடைத் தீவனக் கடைக்குப் போய்ச் சத்துமாவு டப்பாக்களை அள்ளி வந்தார். லேபிளைப் படித்த சுஜா பதறிவிட்டார். "இது அத்தனையிலயும் செலீனியம்னு ஒரு தாது இருக்குங்க. துளி போதும், கூடினா விஷம். நான் எழுதித் தர்றதை மட்டும் குடுங்க."

தொட்டியத்தில் ஒரு விவசாயி குதிரைமசால் என்ற பசுந்தீவனம் பயிரிடுவது தெரியவந்தது. அவரிடம் பேசி, வாரந்தோறும் வேனில் பச்சைக் கட்டுகள் வர ஏற்பாடாயிற்று. பவளத்தை முதலில் கையில் பிடித்து மெல்ல நடத்தினார்கள். பிறகு சிறு ஓட்டம். அடுத்தடுத்த பரிசோதனைகளில் வைட்டமின் ஈ அளவு ஏறியது.

"இனி பயமில்லை. பிள்ளைங்களை ஏத்தலாம்" என்று சுஜா சொன்ன அன்று தீவன வேன் வந்து நின்றது. கலீல் கட்டுகளை இறக்குவதற்குள் பவளம் வேனுக்குள் தலையை விட்டு, வாய் நிறையப் பச்சையை இழுத்தது.

"ஏய், இருடி!" என்று அதட்டப் போன பெலிண்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.