பொலிஸுக்கு ஒரு சஹன் சோறு

றபீக்காவின் வலது கை சோற்றை அள்ளிப் போட, இடது கை அதைத் தட்டின் விளிம்புக்கு அணைத்துக்கொண்டே சுற்றி வந்தது. நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே சரிவு. நாலைந்து பேர் வட்டமாக இருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹனில் ஒருவருக்கு முன்னால் மேடும் மற்றவருக்கு முன்னால் பள்ளமும் இருந்தால், சாப்பிடும்போது யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார்கள். பொரித்த கோழி நடுவில் அமர்ந்தது. அவித்த முட்டை அதைச் சுற்றி நின்றது. கத்தரிக்காய், அன்னாசித் துண்டு, அச்சாறு என்று கை தானாகப் போய் வந்தது. கையில் ஒரு அவசரமும் இல்லை. முகம்தான், கெட்டுப்போன மீனை யாரோ பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததுபோல் சுருங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சார்ஜன்ட் மசூர் ஆட்களோடு வருவான். அவர்களுக்குத்தான் இந்தச் சஹன்.

றபீக்கா மருதமுனையில் பிறந்தவள். கல்முனைக்குத் தெற்கே, மெயின் ரோட்டோரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். கல்யாண வீடுகளில் வெங்காயம் வெட்டப் போய், அடுப்படியில் நின்ற ஆண் சமையற்காரர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால் அவர்கள் உப்பைக் கூட்டிச் சொல்லுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது ஊரில் எந்த வீட்டில் விருந்து என்றாலும் முதலில் அவளுடைய தேதியைத்தான் கேட்பார்கள்.

கணவர் ஸலாஹுதீன் லேனர்ஸ் வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு வாகனம் ஓடப் பழக்கிய மனிதர். வெள்ளை நிறப் பழைய சன்னி கார், முன்னும் பின்னும் சிவப்பு எழுத்துப் பலகை, இடது பக்க ஆசனத்தில் அவர். கிளச்சில் கால் நடுங்கினால் அதட்டமாட்டார். காரை ஓரம் கட்டச் சொல்லி, பழக வந்தவனுக்கு இஞ்சித் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார். பொலிஸில் சேருவதற்கு முன்னால் மசூரும் அந்தக் காரில் பழகியவன்தான். எல்லாரும் அவரைச் சேர் என்றே கூப்பிடுவார்கள்.

மறதி அவருக்கு மெல்லமாகத்தான் வந்தது. பொத்துவிலுக்குப் போனவர் திரும்பி வரும் வழியைப் பாதியில் தொலைத்தார். நடுரோட்டில் காரை நிறுத்தி, வராத மாணவன் ஒருவனுக்காகக் காத்திருந்தார். லேனர்ஸை மூடியாயிற்று. காரை மட்டும் அவர் விடவில்லை. ஒரு நாள் பிழையான பக்கத்தில் ஏறி பஸ்ஸுக்கு நேரே போய் நின்றார். மசூர் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறி, காரை ஓரமாக்கி, வீடுவரைக்கும் கூட்டிவந்து, சாவியை அவர் கையிலேயே கொடுத்து, ஒரு சலூட்டும் அடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு றபீக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருவர் நல்லது செய்தால் அந்தக் கையை வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்பது அவள் வளர்ந்த வீட்டு முறை. அடுத்த நாளே ஒரு சஹன் ஆக்கி மசூரையும் கூட்டாளிகளையும் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கார் மதிலில் முட்டினாலும், ஆட்டை அடித்தாலும், பாலமுனைக் கடற்கரை மணலில் புதைந்து நின்றாலும் மசூர்தான் கூட்டி வந்தான். சாவி அவர் கைக்கு, சலூட் நெற்றிக்கு. பிறகு வாசலில் நின்று, "அப்ப எப்ப ராத்தா ஆக்கிற?" என்று அக்காவிடம் கேட்பதுபோல் கேட்பான்.

ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் அவள் கேட்டும் பார்த்தாள்.

"தம்பி, ஓட வேணாமெண்டு டாக்டர் செல்லிட்டார். லைசன்ஸை வாங்கிட்டுப் போங்க. நான் செல்லி அவர் கேக்கிறல்ல. யூனிபோம் போட்ட ஆள் கேட்டாக் குடுப்பார்."

"என்ன கதை ராத்தா? கிளச் எது பிரேக் எது எண்டு எனக்குக் காட்டித் தந்த மனுசன். அவர்ட லைசன்ஸில நான் கை வைச்சா எனக்குச் சோறு செமிக்குமா?"

சொல்லிக்கொண்டே இரண்டாவது முட்டையைப் பிய்த்து வாயில் போட்டான். மஞ்சள் கரு மீசையில் ஒட்டியிருந்தது. அது செமிக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சாவியை அரிசிப் பீப்பாவுக்குள் ஒளித்தாள். ஸலாஹுதீன் நடந்தே போய், கார்ச் சாவி களவு போய்விட்டதென்று பொலிஸில் முறைப்பாடு சொன்னார். மசூர் சிரித்துக்கொண்டு வந்தான். அவளை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் அரிசிக்குள் கையை விட்டுத் துழாவிச் சாவியை எடுத்தான். "சேர்ட சாமானை ஒளிக்கிறது சரியில்ல ராத்தா. மனுசன்ட மனசு உடைஞ்சிரும்." அந்தக் கை காசுக்கு எங்கெல்லாம் நீளுகிற கை என்று ஊருக்கே தெரியும். அவன் போன பிறகு அந்த அரிசியை அவள் உலையில் போடவில்லை. கோழிக்குக் கொட்டினாள்.

மசூருக்கு மேலே இருக்கிற பெரியவரிடம் சொல்லலாம் என்று ஸ்டேசனுக்கும் போனாள். கதிரை போட்டார்கள். பிளேன் டீ கொடுத்தார்கள். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்ட பெரியவர் கடைசியில், இடமாற்றத்தில் போகிற ஒருவருக்குப் பிரியாவிடை வைக்கிறோம், சாப்பாட்டுக்கு ஓடர் எடுப்பீங்களா என்று விசாரித்தார். கட்டாரிலிருந்து மகன் ஸஜாத், "வாப்பாட மானம் போயிரும் உம்மா. நம்மட ஊர்தானே, எல்லாரும் விலத்துவாங்க," என்றான்.

விலத்தத்தான் செய்தார்கள். வெள்ளை சன்னி தெரிந்தால் ஓட்டோக்காரர்கள் புல்லில் இறங்குவார்கள். கடைக்காரர்கள் சைக்கிளை உள்ளே இழுப்பார்கள். "சேர் வாறார், ஒதுங்கு" என்று சிரிப்பார்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ரோட்டோரத்தில் சாக்கு விரித்து மரக்கறி விற்கிற தங்கேஸ்வரிக்கு ஒதுங்க இடமிருக்கவில்லை. பாண்டிருப்பிலிருந்து வருகிறவள். சஹனுக்கான கத்தரிக்காயை றபீக்கா அவளிடம்தான் வாங்குவாள். ஒரு நாள் கார் சாக்கின் மேல் ஏறி, அவள் காலின் மேல் ஏறி நின்றது. மசூர் ஓடி வந்து முதலில் ஸலாஹுதீனைத்தான் இறக்கினான். கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கி அவருக்குத்தான் கொடுத்தான். கால் உடைந்து கிடந்தவளைப் பார்த்து, "சேர் வேணுமெண்டு செய்வாரா? இதிலயா கடை போடுற?" என்றான். அவளை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டது மீன் வாங்க வந்த யாரோ. முறைப்பாடும் இல்லை, வழக்கும் இல்லை. சாவி பழையபடி வீட்டு ஆணியில் தொங்கியது.

றபீக்கா பாண்டிருப்புக்குப் போய்ப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்திருந்தாள் தங்கேஸ்வரி. கோபமாகக்கூடக் கதைக்கவில்லை.

"அவர் என்னப் பாத்தவர் அக்கா. பாத்துக்கொண்டுதான் வந்தவர். நான் நில்லுங்க எண்டு கையை ஆட்டினன். அவரும் சிரிச்சிக்கொண்டு கையை ஆட்டினார்."

றபீக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே? பொலிஸ்காரர் உங்கட வீட்டிலதான் சாப்பிடுறாங்களாம், மெய்யா?"

றபீக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்தபோது மசூர் போனில் கோல் எடுத்தான். "வெள்ளிக்கிழமை ஒரு நாலு பேர் வருவம் ராத்தா. சேர்ட விசயத்த அமத்தின பொடியன்மாரும் வாறாங்க."

"வாங்க," என்றாள்.

வந்தார்கள். தொப்பிகளைக் கழற்றி டீவிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். பாயில் வட்டமாக இருந்தார்கள். ஸலாஹுதீன் கூஜாவும் பேசின் கோப்பையும் கொண்டுவந்து பாயில் இருந்தவர்களுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். அந்த வேலை மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. புதிதாக ஸ்டேசனுக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் பவிதரன் கதவோரத்தில் தயங்கி நின்றான்.

"வெக்கப்படாம வா பவிதரன். ஒரே தட்டுதான். உன்ட பக்கத்த நீ தின்னாட்டி அதையும் நான்தான் தின்பன்," என்றான் மசூர். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

றபீக்கா மூடி போட்ட சஹனை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். பாய்க்கு முன்னால் நின்றாள். வைக்கவில்லை.

"வைங்க ராத்தா. மணம் ரோட்டுக்கு வருது."

"வைப்பன். அதுக்கு முதல் அவர்ட லைசன்ஸை வாங்குங்க."

"சாப்பிட்டுட்டுக் கதைப்பமே."

"சாப்பிட்ட பிறகு நீங்க கதைக்கிறல்ல தம்பி. வயிறு நிறைஞ்சி ஏவறைதான் விடுற."

மசூர் ஈரக் கைகளைத் தூக்கிக் காட்டினான். "கை கழுவிட்டன் ராத்தா."

"தண்ணி இரிக்கி. திரும்பக் கழுவலாம்."

"சோத்த வை புள்ள," என்றார் ஸலாஹுதீன், கூஜாவோடு நின்றபடி. "ஆக்கள் பசியோட இரிக்காங்க."

"பொலிஸ்காரர் உங்கட வீட்டில சாப்பிடுறாங்களாம் மெய்யா எண்டு தங்கேஸ்வரி என்னக் கேட்டா," என்றாள் றபீக்கா, மசூரைப் பார்த்தே. "கால் உடைஞ்ச மனுசி. நான் என்னத்தச் செல்லுற?"

ஒருவன் இருமினான். மற்றவன் பாயின் கோரையைப் பிய்த்தான். மசூர் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் மூடியில்தான் இருந்தது. மூடியின் ஓரத்தால் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

"அப்ப பவிதரன், நீ வாங்கு," என்றான். "நீதான் இன்னும் கை கழுவல்ல."

பவிதரன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். குனிந்து, "சேர், லைசன்ஸைக் கொஞ்சம் தாறீங்களா?" என்றான்.

ஸலாஹுதீன் கூஜாவைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தது. இடது பக்க ஆசனத்தில் இருந்த காலத்துக் குரல் வந்தது. "யார் சேர்? ரோட்டில சேரும் இல்ல, ஹாஜியாரும் இல்ல, மாமாவும் இல்ல. டிரைவர் மட்டும்தான். நேரா நிண்டு கேள்."

பவிதரன் நேராக நின்றான். "டிரைவர், லைசன்ஸை எடுங்க."

"ஆ. இப்பிடி." பேர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு பழக வந்தவனைப்போல் கேட்டார்: "என்ன பிழை விட்டன்?"

பவிதரன் மசூரைப் பார்த்தான். மசூர் சஹனைப் பார்த்தான்.

"ஒரு ஆளை அடிச்சிட்டீங்க," என்றான் பவிதரன். "மரக்கறி விக்கிற அம்மா. கால் உடைஞ்சிட்டு."

அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஒண்டுமில்ல சேர், சின்ன விசயம் சேர் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"நானா?"

"ஓம்."

"அப்ப நீயே வைச்சிரு. கேட்டாலும் தராத."

"அது சும்மா ஒரு," என்று தொடங்கிய மசூர், றபீக்கா தூக்கிய சஹனோடு ஒரு அடி பின்னால் வைத்ததைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். பவிதரன் லைசன்ஸைப் பொக்கற்றில் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். டாக்டர் பார்த்து, கோர்ட்டில் முடிவு சொல்கிற வரைக்கும் ஓட ஏலாது என்றான். முறைப்பாட்டைத் தானே பதிவதாகவும், பாண்டிருப்புக்குப் போய் அந்த அம்மாவிடம் வாக்குமூலம் எடுப்பதாகவும் சொன்னான். றபீக்கா ஆணியைத் தாடையால் காட்டினாள். சாவியையும் எடுத்தான்.

ஸலாஹுதீன் திரும்பவும் கூஜாவைக் கையில் எடுத்தார். "கை கழுவு மகன். நீ யாருட புள்ள?" என்று பவிதரனிடம் கேட்டார்.

"முடிஞ்சிதுதானே ராத்தா?" என்றான் மசூர். "ஆறிரப் போகுது."

றபீக்காவின் தோள் இரண்டும் கடுத்தன. எத்தனை தடவை கேட்டு, ஸ்டேசன் வரைக்கும் போய்க் கேட்டு நடக்காதது, ஒரு தட்டுச் சோற்றைக் கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்ததும் நடந்துவிட்டது. ஆளை விட்டதற்கும் சோறு. ஆளை மறித்ததற்கும் சோறு. தங்கேஸ்வரியின் காலுக்கு முன்னால் இதை ஒரு நாள் செய்திருக்கலாம் என்று நினைத்தபோது, தன் கைப்பக்குவமே தன் மூக்கில் நாறியது.

மசூர் கைகளை நீட்டினான். அவனுடைய விரல் தன் விரலில் படாதபடி ஓரத்தைப் பிடித்து, மூடியோடு, சஹனை அவனிடம் கொடுத்தாள்.