மழை பெய்தால் ஜெயிக்கும் அலையன்ஸ்

தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் வலது கட்டைவிரல் தானாக அசைகிறது…

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்த காலம். ஆபீஸ் விறாந்தையில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். மழை நாளில் ஏழெட்டுப் பேர் அங்கே சுவரோடு ஒட்டி நிற்பார்கள். எல்லார் போனிலும் ஒரே கேம். ஒரே நிறக் கல் மூன்றைச் சேர்த்தால் அவை உடையும். உடைந்த கல் நம் வீரர்களின் அடியாக எதிரி மேல் விழும்.

அவ்வளவுதான். ஆனால் ஒரு கல்லை நகர்த்த, மேலிருந்து சரிந்து, அடுத்தது தானாக உடைந்து, அதற்கடுத்ததும் உடையும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்… நான் கேட்காமலே எனக்கு நல்லது நடந்தது அங்கே மட்டும்தான்.

பட்டம் வாங்கிவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தவன் நான். அந்த நியமனம் யாருக்குப் போனது, யார் சொல்லிப் போனது என்று இன்றும் சொல்வேன். சொன்னால் சண்டை வரும். விடுங்கள்.

கேமில் நான் தலைவர். முப்பது பேர் கொண்ட அலையன்ஸ். தோட்டத்து ஆட்கள் ஒன்பது பேர், மற்றவர்கள் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள். அடிக்கடி இன்னொரு அலையன்ஸோடு வார் வரும். ஆளுக்கு ஆறு கொடி. ஒரு கொடிக்கு ஒரு தாக்குதல்.

மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. தண்ணீரோடு வழிந்து வீணாகிவிடும். அதனால் மழை பெய்தால் எங்கள் ஒன்பது பேரும் வேலையில்லாத எரிச்சலையும் சேர்த்து அடிப்பார்கள், நாங்கள் ஜெயிப்போம். வெயில் என்றால் தோல்வி. "ஒரு வாரம் எல்லாரையும் நொறுக்குகிறீர்கள், அடுத்த வாரம் ஆளையே காணோம். என்ன திட்டம் இது?" என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டார்.

"மழை" என்று பதில் போட்டேன். அதை கேமில் வரும் ஒரு வீரனின் பெயர் என்று நினைத்து, அந்த வீரன் எங்கே கிடைப்பான் என்று திருப்பிக் கேட்டார்!

வெட்டா, இல்லையா என்று தீர்மானிப்பது தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அன்டன். விடியற்காலையில் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சொல்வான். என்னைவிட இளையவன். கேமை அவனுக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

அந்த ஒரு வார் மட்டும் ஜெயித்தால் முதல் தடவையாக மேல் பிரிவுக்குப் போவோம். பகல் இரண்டு மணிக்கு முடிகிறது. முந்தின இரவு தூறல். விடிந்ததும் அன்டனைப் பிடித்தேன்.

"ஈரம்னு சொல்லிடு அன்டன். ஒரே ஒரு நாள்."

"மரம் காஞ்சிருக்குண்ணே."

"நானும் தொட்டுப் பாத்தேன். ஈரம்தான்."

"ஆளுகளுக்கு இந்த மாசம் ஏற்கனவே வேலை நாள் கொறைவு. கேமுக்காக மரத்துல கை வச்சு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

வெட்டப் போனார்கள். நான் தனியாக விறாந்தையில். எனக்கு வேண்டியது சிவப்புக் கல், விழுந்ததெல்லாம் நீலம். கடைசிக் கொடியில் எதிரிக்கு ஒரே ஒரு அடி பாக்கி இருக்கும்போது என் வீரர்கள் செத்தார்கள். உடனே திரையில் கடை திறந்தது… காசு கட்டினால் தொடரலாமாம். மனுஷன் நொந்து நிற்கும் இடம் பார்த்துக் கடை போடுகிறவர்கள். ஒரு சதம் கட்டியதில்லை. கட்டவும் மாட்டேன்.

அந்த ஆத்திரத்தில், மணி பத்து இருக்கும், அன்டனை அலையன்ஸிலிருந்து நீக்கினேன்.

ஒரு மணிக்குப் பாலை எடை போட்டு முடிந்ததும் எல்லாரும் ஓடி வந்தார்கள். விரலில் பால் காய்ந்து ஒட்டியிருந்ததால் போனுக்குத் தொடுகை தெரியவில்லை. பால் வெட்டும் லெச்சுமி அக்கா விரலைச் சேலையில் தேய்த்துத் தேய்த்து அடித்தார். "சாவுடா மூதேவி!" என்று திரையைத் திட்டியபடியே நாலு எதிரியைச் சாய்த்தார். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம். இன்னும் இரண்டு வெற்றி போதும். எல்லார் கொடியும் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் அன்டன் படியேறி வந்தான்.

"அண்ணே, உள்ள போக முடியல. ஏன்னு தெரியல. என் ஆறு கொடியும் அப்படியே இருக்கு."

அவசரமாக மறுபடி சேர்த்தேன். வார் தொடங்கியபின் சேர்ந்தவர் அடுத்த வாரில்தான் விளையாடலாம் என்று எழுதி வந்தது. அவனுடைய ஆறு கொடியும் போயிருந்தன. தோற்றோம்.

"கண்டக்டரய்யாவ எதுக்குய்யா வெரட்டுனீங்க?" என்றார் லெச்சுமி அக்கா. "மரம் ஈரமா இருந்துச்சு, வீம்புக்கு வெட்டு வச்சான்" என்றேன். அன்டன் என்னைப் பார்த்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். சாயங்காலம் பார்த்தபோது அலையன்ஸிலும் இல்லை. கொஞ்ச நாளில் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், முடிந்திருக்கும். திட்டாமல் போனதற்காகத்தான் அவன் மேல் எனக்கு இத்தனை வருஷக் கோபம்.

இப்போது வெட்டும் இடம் நனையாமல் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டார்கள். தூறலிலும் வெட்டு நடக்கிறது. சிக்னல் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள்ளேயே வருகிறது. ஆனால் விறாந்தையில் ஒருவரும் இல்லை. முப்பது பேர் இருந்த அலையன்ஸில் என்னோடு சேர்த்து நாலு பேர். கலைத்துவிடு என்கிறார்கள். கலைக்க மாட்டேன்.

அன்டன் இன்னும் விளையாடுகிறான். அவன் பெயருக்குக் கீழே "மூன்று மணி நேரத்துக்கு முன்" என்று காட்டுகிறது. போன மாசத்திலிருந்து தினமும் காலையில் அலையன்ஸில் சேர அவனுக்கு அழைப்பு அனுப்புகிறேன். பதில் இல்லை. அழைப்போடு ஒரு வரி எழுதலாம். இதுவரை ஒன்றும் எழுதியதில்லை.

இன்று காலை நல்ல மழை. கட்டைவிரல் அசைந்தது. எழுதினேன்.

"அன்னைக்கு மரம் காஞ்சுதான் இருந்துச்சு அன்டன்."

இன்னும் பதில் இல்லை. நாளைக்கும் அனுப்புவேன்.