பின் வரிசைக்குப் போய்வந்த மாமா

டெஸ்டர் கத்தவில்லை. அந்த மழை நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். பேனா அளவில் மஞ்சள் டெஸ்டர். தொடவே வேண்டாம், கரண்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீட்டினாலே கீச்சென்று கத்தும். அக்கா வீட்டுக்காரர் ஒயரிங் வேலை செய்பவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதைத் தகரச் சுவர் நெடுக நீட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. சுவரோரம் பக்கத்து வீட்டு ஆடு விறைத்துச் செத்துக் கிடந்தது. உள்ளே அக்கா கைக்குழந்தையோடு இருந்தாள்.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கட்டிய லைன் வீடு. முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவில் ஒரே தகரம்தான் சுவர். கதவும் அதோடு ஒட்டிய தகரம். சுரங்கத்தை மூடியவர்கள் எங்களை அந்தத் தகரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இப்படி ஒரு வீட்டில் ஒரு மழைக்காலம் படுத்திருப்பார்களா?

எங்கள் வரிசையில் கரண்ட் போயிருந்தது. பின் வரிசைக்கு வேறு ஒயர், அங்கே விளக்கு எரிந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. "லைட்டே இல்ல, கரண்ட் எங்கருந்து வரும்? டெஸ்டரும் சும்மா கீது. கதவ இழுப்பா" என்றார் ஆட்டுக்காரர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, கதவை இழுக்கக் கை நீட்டினேன். மாமா மட்டும் பின் வரிசைப் பக்கம் திரும்பினார். அக்கா உள்ளே கிடக்கும்போது எங்கே போகிறீர்கள் என்று கத்தினேன்.

"இது வேல செய்யுதான்னு எரியற லைட்டுல காட்டிட்டு வரேன். கதவத் தொடாத. அவளயும் தொட வுடாத."

போய்விட்டார். தகரத்தில் மழை இரைந்தது. கதவு இடுக்கு வழியே அக்கா கட்டிலிலிருந்து இறங்குவது தெரிந்தது. கதவுக்குத்தான் வருகிறாள். தொண்டை கிழிய அவளைத் திட்டினேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. கோபித்துக்கொண்டாவது நிற்கட்டும் என்றுதான். நின்றாள்.

மாமா திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. எரிகிற விளக்கிலும் டெஸ்டர் கத்தவில்லையாம், பேட்டரி செத்திருக்கிறது. பின் வீட்டு டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரி பிடுங்கிப் போட்டு, அங்கே கத்துகிறதா பார்த்துக்கொண்டு வந்திருந்தார். சுவரை நோக்கி நீட்டினார். நிறுத்தாமல் கத்தியது. நான் கை வைக்கப்போன கதவிலும் கத்தியது. பின் வரிசை ஒயர் தோல் உரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது.

லைன்மேன் வந்து கம்பத்தில் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்தினார். டெஸ்டர் அடங்கியது. அப்போதும் மாமா நம்பவில்லை. அடுத்த லைனில் எரிகிற விளக்குவரை ஓடி, அது கத்துவதைக் கேட்டுவிட்டு வந்துதான் கதவைத் திறந்தார்.

"வீட்டுக்குள்ள பொண்டாட்டி, நீ ஊரெல்லாம் வெளக்கு பாத்துகினு திரியிற" என்றாள் அக்கா. மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, சர்க்கரை. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அதே தகரம். வேறு வீடு கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து எனக்கு வெறுத்துவிட்டது. மழை பலத்தால் போன் செய்வாள், மாமாவின் டெஸ்டரை எடுத்துக்கொண்டு நான் ஓடுவேன். கதவுக்கு வெளியே என் காலடி கேட்டதும் கட்டிலிலிருந்தே கேட்பாள்.

"பின் வரிசைக்குப் போய்ட்டு வந்தியாடா?"

போய்விட்டு வந்தேன் என்று சொன்ன பிறகுதான் காலைக் கீழே வைக்கிறாள்.