கை சுத்தம்

சீஸ் துருவும்போது எழும் வாடையை முதன்முதலில் முகர்கிறவர்களுக்கு அது புளித்த பாலா, வியர்வையா, பழந்துணியா என்று சட்டென்று பிடிபடாது. பங்களாக் குசினியின் பின்வாசற்படியில் உட்கார்ந்து, மார்கழி மழையில் ஊறிய மண்வாசத்தோடு கலந்து வந்த அந்த வாடையை மூக்கு விரிய இழுத்துக்கொண்டிருந்த எனக்கோ அது பண்டிகையின் வாடையாகவே இருந்தது.

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவுக்கு மேலே, உச்சியில் தேயிலையும் கீழ்ச்சரிவில் கொஞ்சம் இறப்பர் மரங்களுமாகக் கிடந்தது. என் அப்பா அங்கே தொரை பங்களாவின் சமையற்காரர். பங்களாச் சமையற்காரரை எங்கள் பக்கத்தில் "அப்பு" என்பார்கள். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் தோட்டத்து மேனேஜரை நாங்கள் "தொரை" என்று சொல்வதை விடவில்லை. எங்கள் தொரை கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், அவர் மனைவியை எல்லோரும் "நோனா" என்றே அழைத்தோம். பங்களாவுக்குப் பின்னால், கோழிக்கூட்டைத் தாண்டி, அப்புவுக்கென்று இருந்த ஒற்றைக் காம்பராவில் அப்பா, அம்மா, நான் என மூன்று பேரும் குடியிருந்தோம்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்களாவில் விருந்து நடக்கும். தொரை கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் அந்தப் பங்களாவில் யார் வந்து குடியேறினாலும் அந்த விருந்து அவர்களோடு ஒட்டிக்கொள்ளும். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் எஹலியகொடப் பக்கத்திலிருந்தும் தொரைமார் குடும்பத்தோடு ஜீப்பில் வருவார்கள். அப்பா வைக்கும் கோழிப் பொரியலையும் மஞ்சள் சோற்றையும் அவர்கள் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவர்கள் வந்ததும் வராததுமாகத் தேடியது நடுமேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருந்த சீஸ் டிப்பைத்தான். செய்வதற்கு அதைவிட எளிதான பண்டம் வேறில்லை. சீஸை மெல்லிசாகத் துருவி, கட்டிப் பாலாடையும் முட்டை அடித்துச் செய்த மயோனிஸும் சேர்த்து, நசுக்கிய வெள்ளைப்பூடும் மிளகும் போட்டுக் குழைத்துக் குளிர வைத்தால் முடிந்தது. அப்பா அதில் பச்சை மிளகாயை விதை நீக்கிப் பொடியாக அரிந்து போடுவார். கரட் துண்டாலும் கிறக்கர் பிஸ்கட்டாலும் தொட்டுத் தொட்டு வழித்துவிட்டு, "அப்பு, ஹரி ரசய்!" என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்கள். நல்ல ருசி என்று அர்த்தம். அப்பா கதவுக்குப் பின்னால் நின்று, கேட்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்த டிப்பை நான் சாப்பிட்டதே இல்லை. பங்களாவிலிருந்து ஒரு பிஸ்கட் துண்டுகூட எங்கள் காம்பராவுக்கு வராது. மிஞ்சினதையாவது கொண்டு வரக்கூடாதா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"இன்னிக்கு மிஞ்சினத எடுப்போம். நாளைக்கு மிஞ்சற மாதிரி செய்வோம். அந்தப் பழக்கமே வேணாம்."

ஆனால் பள்ளிக்கூடத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளிடம் நான் அதைத் தினம் தின்பவள் போல அளந்து வைத்திருந்தேன். "சீஸு எப்புடி இருக்கும்?" என்று கேட்டால், "சொன்னா ஒங்களுக்கு வெளங்காது" என்பேன். எனக்கே விளங்காத ஒன்றுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

எனக்குப் பத்து வயதான வருஷம், விருந்துக்கு நாலைந்து நாள் முன்னால், வலது கை ஆட்காட்டி விரலில் அட்டை கடித்தது. சொறிந்து சொறிந்து அது புண்ணாகி, சீழ் கோத்துவிட்டது. அப்பா சுடுதண்ணீரில் கழுவி, மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக் கட்டினார். கட்டும்போதே சொன்னார்: "புண்ணு ஆறற வரைக்கும் குசினிப் பக்கம் வரப்படாது, என்னம்மா? சாப்பாட்டு எடம்."

சனிக்கிழமை மத்தியானம் அவர் டிப்பைக் குழைத்து, கிண்ணத்தில் நிரப்பி, தட்டு போட்டு மூடி, பிரிட்ஜில் வைத்தார். நாலு மணி வாக்கில் இடியோடு மழை கொட்டியது, கரண்ட் போய்விட்டது. மழை விட்டதும் அப்பாவும் தோட்டக்காரரும் முன்வராந்தாவில் மேசைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குசினியில் யாருமில்லை.

நான் உள்ளே போனேன். பிரிட்ஜைத் திறந்தேன். கட்டுத் துணியில் டிப் ஒட்டிக்கொண்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கட்டை அவிழ்த்துப் பாவாடையில் சொருகிக்கொண்டு, அந்த விரலாலேயே ஒரு வழி வழித்து வாயில் வைத்தேன். உப்பும் புளிப்பும் காரமுமாக நாக்கில் கரைந்தது. மறுபடி வழித்தேன். மூன்றாவது தடவையும் வழித்தேன். பிறகு பள்ளம் தெரியக்கூடாதென்று, எச்சிலும் சீழுமாக இருந்த அதே விரலால் மேற்பரப்பைச் சமமாகத் தடவி, தட்டை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

கரண்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்தது. அப்பா கிண்ணத்தை வெளியில் எடுத்துப் பார்த்துவிட்டு நோனாவிடம் போனார். நான் பின்வாசற்படியில் இருந்தேன். இருவர் பேச்சும் கேட்டது.

"எபா நோனா," என்றார் அப்பா. வேண்டாம் என்றார். ராத்திரி பூராவும் குளிர் இல்லாமல் இருந்தது, பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம், கொட்டிவிட்டு வேறு ஏதாவது செய்கிறேன் என்று சிங்களத்திலேயே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கமக் நே, அப்பு," என்றார் நோனா. பரவாயில்லை என்று. கெட்ட வாடை எதுவும் இல்லையே, கொழும்பிலிருந்து வரவழைத்த சீஸ் அத்தனையும் அதில்தான் இருக்கிறது, வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தானே என்றார். அப்பா இன்னொரு தரம் சொல்லவில்லை. இரண்டாம் தரம் சொல்வது அப்புவின் வேலை அல்ல.

விருந்து முடிவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு தொரைசாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு வராந்தா ஓரத்தில், பூச்சட்டிகளின் மேல், குளியலறை வாசலில் என்று ஆளாளுக்கு வாந்தி. நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று கண்கள் செருகித் தாயின் தோளில் துவண்டு கிடந்தது. அதை ஜீப்பில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அப்பா ஈரத் துணியும் வாளியுமாக ஒவ்வொருவர் பின்னாலும் ஓடித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காம்பராவில் கட்டிலுக்கடியில் கிடந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது. நானும் தின்றேனே, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அப்படியென்றால் அது என்னால் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

குழந்தை மூன்று நாளில் தேறி வந்தது. அது தேறாமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நாலாம் நாள் தொரை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கப்பிள்ளையும் உடன் நின்றார். கரண்ட் போயிருந்ததே, ஏன் டிப்பைக் கொட்டவில்லை என்று தொரை கேட்டபோது நோனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பாவும் வாய் திறக்கவில்லை. "அத்த பிரிசிது நே," என்றார் தொரை. கை துப்புரவில்லை என்று அழுக்கைத்தான் சொன்னார் அவர். ஆனால் வெளியே வந்த கணக்கப்பிள்ளை, கேட்டவர்களுக்கெல்லாம் அதைத் தமிழில் சொன்னார்: "அப்புவுக்குக் கை சுத்தமில்லையாம். அதான் நிப்பாட்டிட்டாரு."

தமிழில் கை சுத்தமில்லாதவன் என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சட்டி பானையோடு நாங்கள் கீழ் லயத்தில் குடியேறிய அன்றே, "தொரை ஊட்டு சீஸத் திருடித் தின்ன ஆளு" என்று பக்கத்துக் காம்பராவில் பேசிக்கொண்டது சுவர் வழியாகக் கேட்டது. அம்மா அழுதபடி, "நோனா சொல்லித்தான் வச்சேன்னு சொல்லுங்களேன். ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"சொன்னா யாரு நம்புவா?" என்றார் அப்பா. "அவங்க வைக்கச் சொன்னாங்க. செஞ்சது யாரு? நான்தானே."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். விரலில் புதுத் தோல் வந்திருந்தது.

வேறு எந்தப் பங்களாவிலும் அப்பாவைச் சேர்க்கவில்லை. தொரைமாருக்குள் ஒரு போன் பேச்சு போதும். கவ்வாத்து மலையில் தேயிலைச் செடிகளை வெட்டும் வேலை கொடுத்தார்கள். இருபது வருஷம் வெங்காயம் அரிந்த கை, ஒரு மாதத்தில் காய்த்து வெடித்தது. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது மாரியம்மன் திருவிழாவில்தான். வருஷா வருஷம் கோயில் அன்னதானத்துக்குப் பொங்கல் வைப்பது அவர்தான். அந்த வருஷம் காலையிலேயே குளித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பருகே போய் நின்றார். கோயில் தலைவர் அவர் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீங்க ஒக்காருங்கண்ணே. நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா உட்காரவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, வேட்டியை மாற்றி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அடுப்பைத் தொடவில்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தாலும் தொடவில்லை. சாப்பிடும்போது சோறு வேண்டும் என்று நான் தட்டை நீட்டினால்கூட, பானை பக்கத்திலேயே இருந்தாலும், "அம்மாகிட்ட வாங்கிக்கம்மா," என்பார்.

நான் படித்தேன். அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது. மனைப்பொருளியல் ஆசிரியையாகப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். உணவு நஞ்சாதலைப் பற்றிய பாடத்தில், விரிவுரையாளர் கரும்பலகையைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்: சீழ்ப்புண் உள்ள கையால் தொட்ட பாலுணவு, முட்டை உணவு, குளிரில்லாமல் சில மணி நேரம் இருந்தால் போதும், கிருமி பெருகி நஞ்சு ஊறிவிடும், வாடையும் மாறாது, ருசியும் மாறாது. தொட்ட உடனே தின்றவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் பத்து வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு.

கரண்ட் போகாமலிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அப்பா சொன்னதை நோனா கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. இந்த நியாயங்களெல்லாம் எனக்குத் தெரியும். அவற்றை எத்தனை முறை அடுக்கினாலும், அடியில் என் விரல் கிடக்கிறது.

அப்பா ஆசுபத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது ஒரு மாலையில் அவர் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். "அப்பா, அந்த சீஸு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அத விடும்மா. பழசு," என்றார். நான் விட்டுவிட்டேன். விடச் சொன்னாரே என்று எனக்குள் ஒரு நிம்மதி ஓடியது. அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது. மறுநாள் அவர் பேசவில்லை. அதற்கு மறுநாள் போய்விட்டார். சாவு வீட்டில், பறையடிக்க வந்த ஒருவர் இன்னொருவருக்கு அடையாளம் சொன்னார்: "அதான்ப்பா, சீஸு களவெடுத்த அப்பு."

சென்ற கார்த்திகையில், கிறிஸ்மஸையொட்டி வரும் பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, என் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "சீஸ் டிப் டீச்சர்! போன்ல பாத்தோம். ரொம்ப ஈஸி. அஞ்சே நிமிசம்." இன்றைக்குப் பெட்டிக்கடையிலும் சீஸ் கிடைக்கிறது, லயத்துப் பிள்ளைகளுக்கு அதன் ருசி தெரியும். வேண்டாம், முறுக்கு செய்யலாம் என்றேன். ஏன் டீச்சர் என்றார்கள். நான் வெளியே வந்து குழாயடியில் நின்றேன். அந்த வாரமே பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போனேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: புண், கட்டு, பிரிட்ஜ், மூன்று தடவை வழித்தது, தடவி மூடியது. சொல்லி முடிக்கும் வரை அவர் தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது.

"அந்த மனுசன் இருக்கும்போது சொல்லியிருக்கப்படாதா?" என்றார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "இத இப்ப யாருகிட்டப் போயி சொல்றது?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். அந்தத் தொரையும் நோனாவும் எந்த நாட்டில் இருக்கிறார்களோ தெரியாது. கணக்கப்பிள்ளை செத்துப்போனார். பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பழைய குசினியை இடித்து, அந்த இடத்தில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். கீழ் லயத்தில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. இருந்தவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். போன இடத்தில் யாராவது எங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேசினால், அப்பாவைத் திருடனாகவே நினைவுகூர்வார்கள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அன்று சோறு போட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வழியனுப்பவும் வந்தார். இப்போதும் போன் எடுத்தால் பேசுகிறார். மழை, முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்கிறார். முன்பெல்லாம் எந்தப் பேச்சையும் "ஒங்கப்பா இருந்திருந்தா..." என்றுதான் தொடங்குவார். அந்தப் பேச்சை இப்போது என்னிடம் எடுப்பதே இல்லை.