மாடிப்படியில் மன்னர்

நான் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்று உள்ளவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதல் நாளிலேயே எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: எந்த அசைவு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்? சப்பாத்து நாடா கட்டக் குனிய வேண்டும் என்பார்கள். பஸ்ஸின் மேல்தட்டுக்கு ஏற வேண்டும் என்பார்கள். லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில் ஒரு வீட்டில் இருந்த பெண்மணி மட்டும், "தலைவணங்க வேண்டும்" என்றார்.

அவர் ஓய்வுபெற்ற மருத்துவர். ஸ்கொட்லாந்தில் பிறந்து, வேலைக்கு லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குளிர்காலத்தில் உட்காதில் வந்த ஒரு தொற்று காலடித் தரையை அவரிடமிருந்து பறித்துவிட்டிருந்தது. குனிந்தால் அறை மெல்ல மிதக்கத் தொடங்கும். "படகில் படுத்திருப்பது போல இருக்கும். அழகாகக்கூட இருக்கும். ஆனால் விழுந்துவிடுவேன்."

ஸ்கொட்லாந்தின் தேசியத் திருச்சபையின் பொதுச்சபை ஆண்டுதோறும் மே மாதத்தில் எடின்பரோவில் கூடும். அதற்கு மன்னர் தன் பிரதிநிதியாக ஒருவரை அனுப்புவார். அந்த வருடம் இவர். அந்த ஒரு வாரம் அவர் அரண்மனையில் தங்குவார். அவருக்காகப் பீரங்கி முழங்கும். மன்னருக்கான மரியாதையெல்லாம் அவருக்கு நடக்கும். சபையில் மட்டும் அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. விவாதத்தில் சேர முடியாது, வாக்கும் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் உரை, அவ்வளவுதான். அவர் உட்காரும் மாடம் மண்டபத்துக்கு வெளியே இருப்பதாகத்தான் கணக்காம். அதற்கு ஏறும் வழியும் வெளியில்தான்.

"ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

"அந்தச் சபைக்கு மன்னர் தலைவர் இல்லை. வந்திருக்கும் விருந்தாளி. அதனால்தான் முதலில் வணங்க வேண்டும்."

மாடம் உயரத்தில் இருப்பதால் பயிற்சியையும் உயரத்தில்தான் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்னத் தளம் உண்டு. அவர் அங்கே நிற்பார். நான் கீழே கோட்டுகள் தொங்கும் நடையில் நிற்பேன். வாசற்கதவின் வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் பச்சையும் சிவப்புமாக என் சட்டையில் விழுந்து கிடக்கும். "என் தோளைப் பாருங்கள். கண்ணை மூடாதீர்கள். மெதுவாக" என்பேன். அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தலையைத் தாழ்த்துவார். சபையும் திரும்ப வணங்குவது வழக்கம் என்பதால் நானும் வணங்குவேன். வெளியே பஸ் போகும்போது கண்ணாடி மெல்ல அதிரும், நிறங்கள் நடுங்கும். எத்தனையோ காலமாக நாங்கள் இப்படியே நிற்கிறோம் என்று தோன்றும்.

ஏப்ரலில் ஒரு நாள் வணங்கி நிமிரும்போது அவருக்குக் கால் தடுமாறியது. நான் ஓடி ஏறிப் பிடித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேறு யாரையாவது அனுப்பச் சொல்லப்போகிறேன்," என்றார். "இந்த வேலையில் செய்ய ஒன்றுமே இல்லை. போய் இருப்பதுதான் வேலை. அதற்கும் ஏலாது என்றால்?" அவர் கண் கலங்கியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, நான் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த நாளைப் பற்றிச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, எத்தனையோ அலுவலக வரிசைகளில் நின்ற பிறகு கிடைத்த நாள். கவுன்சில் மண்டபத்தில் பட்டுச்சேலையோடு நின்றேன். அப்போதிருந்த மகாராணியின் பிரதிநிதியாக ஒரு முதியவர் மார்பில் பதக்கத்தோடு வந்திருந்தார். என் கையைக் குலுக்கி, "தூரத்திலிருந்தா வந்தீர்கள்?" என்று கேட்டார். "ஓம், மோர்டனிலிருந்து" என்றேன். மண்டபத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம்தான் அது.

மருத்துவர் சிரித்த சிரிப்பில் படி ஆடியது.

"அந்த முதியவர் வேறு என்ன செய்தார்?"

"ஒன்றும் செய்யவில்லை. முடியும்வரை நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதுவரை எங்களுக்காக ஒருவரும் வந்து நின்றதில்லை."

அவர் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். "கீழே போங்கள். இன்னொரு தடவை."

மே மாதத்தில், சபை கூடிய காலை, மோர்டனில் எங்கள் சமையலறையில் போனை சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து நேரலை பார்த்தேன். மரப் பலகை பதித்த பெரிய மண்டபம். உயரே மாடத்தில் அவர் வந்து நின்றார், கனவில் தெரிகிற ஆள் போலச் சின்னதாக. தலை தாழ்ந்தது. அவர் நிமிர்ந்தார். ஆடவில்லை. கீழே மண்டபம் முழுதும் தலை தாழ்த்தியது, காற்று வயலைத் தடவிப் போவது போல.

தோசை சுட்டுக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "இஞ்சாரும், இதுக்கு ஏனப்பா அழுறீர்?"

"நான் அழேல்லை. தோசையைப் பாருங்கோ, கருகப் போகுது."

ஜூனில் கடைசிப் பரிசோதனைக்குப் போனேன். நன்றாக நடந்தார், குனிந்தார். அரண்மனையைப் பற்றிக் கேட்டபோது கட்டிலையோ விருந்தையோ சொல்லவில்லை.

"அங்கே ஒரு கதவைக்கூட நான் தொடவில்லை. எல்லாம் தானாகத் திறந்தன. திரும்பி வந்த மறுநாள் பால் வாங்கப் புறப்பட்டு, இந்த வாசலில் பேசாமல் நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது."

"பிறகு?"

"பிறகு நானே திறந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அருமையான மழை."

தேநீர் போட எழுந்தவர், நான் உதவ எழுந்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அடுப்பங்கரையில் அவர் கோப்பைகளைத் தேடும் சத்தம் கேட்டது. சோபாவில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே மரங்களுக்குப் பின்னால் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மேகங்களைப் பார்த்தபடி இருந்தேன்.